சிரட்டைக் காடியும் ஒரு பித்தளைத் திருகும்

இன்று காலை உன் வீட்டுக்காரி டிஸ்பென்சரிக்கு வந்திருந்தாள். காஞ்சிரங்குளத்திலிருந்து தன் தம்பியை வண்டி கட்டச் சொல்லி வந்திருக்கிறாள். உன் பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு அவள் வீட்டை விட்டு இறங்கியது இதுதான் முதல் தடவை என்று தம்பி சொன்னான். மடியில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி. மருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணன் கையில குடுக்கணும்னு அவிய சொல்லியிருந்தாவ. உயிரோட இருக்கும்போ குடுக்கண்டாம்னும் சொன்னாவ. என்னதுன்னு எனக்கு அறியாது" என்றாள்.

உயிரோடு இருக்கும்போது கொடுக்க வேண்டாம். எவ்வளவு யோசித்து இதைச் சொல்லி வைத்திருக்கிறாய். அவள் ஒரு சங்கதியும் அறியாமல் அப்படியே ஒப்பித்தாள்.

உன் பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருந்தது. பிரித்ததும் மூக்கில் ஏறியது புளித்த புகை வாடை. பதினோரு வருஷம் கழித்தும் அந்த வாடை போகவில்லை. உள்ளே இரண்டாக உடைந்த ஒரு கண்ணாடித் திருகு. திருப்பினால் திறந்து, திருப்பினால் அடையும் குழாய்க்கு நாம் அந்தப் பெயரைத்தானே சொல்வோம். அதன் கழுத்தில் நான் அரத்தால் கீறிய குறி. பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகு. வெளியே பளபளப்பு போகவில்லை, உள்துளை முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நம் இருவரில் எழுத்து வேலை உன்னுடையது. கடைசியில் மட்டும் உனக்கு எழுத வரவில்லை.

"என்னதாக்கும் அண்ணா?" என்று கேட்டாள். பழைய சாமான், நாங்கள் இருவரும் கொல்லயில் ஊரில் வேலை பார்த்தபோது இருந்தது என்று சொன்னேன். "அப்போ உங்களுக்கு ஓர்மைக்குத் தந்ததாக்கும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். உன் ரகசியத்தை உன் பெண்டாட்டியிடமிருந்து நான் மறைத்தேன். செத்த பிறகும் என்னை வேலை வாங்குகிறாய்.

அவள் போன பிறகு டாக்டரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து நீ ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

ஜெர்மன் சண்டை நடந்த காலம். மலைத் தோட்டங்களில் ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் வேண்டும். சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது நின்றுபோயிற்று. கொல்லயிலில் ஏக்கர் கணக்கில் தென்னை வைத்திருந்த முதலாளிக்கு, சிரட்டையைச் சுட்டால் அந்த ஆசிட் கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நெய்யாற்றின்கரை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நாம் இருவரும் மறுபடி ஒரே கூரையின் கீழ் வந்தது அப்படித்தான். நீ தாலூகா கச்சேரி குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு வந்த பிள்ளைமார் வீட்டுப் பையன். நான் திருவனந்தபுரம் காலேஜில் ரசாயன அறைக் கண்ணாடிகளைக் கழுவிக் கழுவியே வேலை கற்றுக்கொண்ட பாறசாலை வேதக்காரன். உன் அம்மா எனக்குத் தனி டம்ளர் வைத்திருந்தாள். நீ வேண்டுமென்றே அதை எடுத்துக் குடிப்பாய். அதைப் பார்த்துத்தான் உன்னை நம்பினேன் என்று நினைக்கிறேன்.

இரும்புக் கொப்பரையில் சிரட்டையை அடைத்து, மூடியைச் சுற்றி மண் பூசி, அடியில் தீ வைப்போம். வரும் புகையை மண்குழாய் வழியாகக் கிணற்றுத் தண்ணீரில் குளிர வைத்தால் காப்பி நிறத்தில் ஒரு திரவம் சொட்டும். ஊரில் அதற்குச் சிரட்டைக் காடி என்று பெயர் வைத்தார்கள். அதை மறுபடி காய்ச்சி, பெரிய பீங்கான் பரணியில் தெளிய விடுவோம். மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் தார் போலக் கீல் தங்கும். நடுவில் இருப்பதை மட்டும் கலங்காமல் இறக்க வேண்டும். அதற்குப் பரணியின் வயிற்றில் ஒரு துளை, துளையில் ஒரு திருகு. நம் தொழிற்சாலையின் உயிரே அந்த விரல் நீளச் சாமானில்தான் இருந்தது.

எதில் செய்த திருகு தாங்கும் என்று பார்க்க நாம் ஒரு மாதம் மெனக்கெட்டோம். ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் ஓரத்தில் வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் காடி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. இரும்பு இரண்டாம் நாளே மை போலக் கறுத்தது. துத்தநாகம் பூசிய தகரம் பூச்சைக் கழற்றிப் போட்டுவிட்டது. ஈயம் பார்க்க அப்படியே இருந்தது, ஆனால் எடை குறைந்திருந்தது. ஈயம் கரைந்த காடி நாக்கில் தித்திக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீ விரலை நனைக்கப் போனாய், நான் கையில் அடித்தேன். ரப்பர்க் குழாய் ஊதிப் பெருத்து, கையில் எடுத்தால் நழுவியது. கார்க் ஊறியது. பலாக்கட்டை நிறத்தை இறக்கியது. மெழுகு குளிர்ந்த காடிக்குத் தாங்கும், சூட்டுக்குத் தாங்காது. நான் தராசில் நிறுத்துச் சொல்லச் சொல்ல, நீ உன் முத்து முத்தான கையெழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாய்.

பித்தளைத் துண்டைப் போட்ட கிண்ணம் மூன்றாம் நாள் லேசாகப் பச்சை கண்டது. அதில் செம்பு இறங்கியிருக்கிறது. செம்பு துளி கலந்தாலும் ரப்பர் சில வாரம் கழித்து இளகி ஒட்டும் என்று தோட்டத்துத் துரை அச்சடித்த தாளே அனுப்பியிருந்தார். அம்மோனியா சொட்டு விட்டுக் காட்டினேன். கிண்ணம் நீலமாகப் பூத்தது. நீ வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, 'பித்தளை: ஆகாது' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாய். இரண்டு கோடு. அந்த நோட்டில் வேறு எதற்கும் நீ இரண்டு கோடு போடவில்லை.

கண்ணாடிதான் என்று முடிவானது. காலேஜில் எனக்கு வேலை கற்றுத் தந்த புரொபசர் கழித்துப் போட்ட சாமான்களில் ஒரு திருகு இருந்தது. அதைப் பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, திருவனந்தபுரத்திலிருந்து மாட்டு வண்டியில் கூன் நிமிராமல் வந்தேன். பெண் பார்த்துவிட்டு வருகிறவன் மாதிரி இருக்கிறாய் என்று நீ கேலி செய்தாய். அச்சு மாறாமல் பொருத்துவதற்காகக் கழுத்தில் ஒரு குறி கீறினேன்.

வேலைக்கு ஒரு சட்டமும் வைத்துக்கொண்டோம். காடியை இறக்குகிறவன் சோதிக்கக் கூடாது. நீ இறக்குவாய், நான் ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அம்மோனியா விட்டுப் பார்த்து, தெளிவு என்று சொல்வேன். என் கை எப்போதும் ஆசிட்டில் நனைந்திருப்பதால், சோதனைப் புத்தகத்தில் என் பெயரின் முதல் எழுத்தையும் நீயே போட்டுவிடுவாய். நாம் இருவரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. உன் கை என் கை என்று இருந்தது அப்போது.

அந்த வருஷம் கர்க்கடக மாத மழையில் எனக்குக் காய்ச்சல் பிடித்தது. பாறசாலை வீட்டில் ஒன்பது நாள் படுக்கை. கொயினா மாத்திரை தின்று காது இரண்டிலும் வண்டு இரைந்தது. ஒரு நாள் நான் எழுந்து வாசல் கடந்து போய்விட்டதாகவும், பிடித்து இழுத்து வந்ததாகவும் அம்மா சொன்னாள். எனக்கு அது நினைவே இல்லை. நீ பார்க்க வந்தபோது அம்மா அதை உன்னிடமும் சொன்னாள். நான் தேறி வேலைக்குத் திரும்பியபோது பரணி இருந்தது, திருகு இருந்தது, கழுத்தில் குறி இருந்தது. முன்னைவிட லேசாகத் திரும்பியது. எண்ணெயும் மெழுகும் போட்டு வைத்தேன் என்று நீ சொன்னாய். நல்ல காரியம் என்று சொன்னேன்.

இன்று அந்தத் தகரப்பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் யோசித்தது அந்தக் குறியைத்தான். அதே குறியைப் புதுத் திருகிலும் நீ உட்கார்ந்து கீறியிருக்கிறாய். பழையது உன் கையில் உடைந்துவிட்டது. தோட்டத்து வண்டிகள் ஜாடிக்குக் காத்து நின்றன. எங்கிருந்தோ ஒரு பித்தளைத் திருகைக் கொண்டுவந்து மாட்டி வண்டிகளை அனுப்பிவிட்டு, பிறகு திருவனந்தபுரம் போய், என் பெயரைச் சொல்லித்தான் இருக்க வேண்டும், அந்தப் புரொபசரிடமே இன்னொன்று வாங்கி வந்திருக்கிறாய். உடைந்தது விபத்து. வண்டிகளுக்கு அவசரம். இதுவரைக்கும் எனக்குக் கோபம்கூட இல்லை. ஆனால் அரத்தை எடுத்து, என் குறியைப் பார்த்துப் பார்த்துக் கீறினாயே, அந்த அரை மணி நேரம் உன் மனசில் என்ன இருந்தது?

ஓணம் கழிந்ததும் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. ரப்பர் ஷீட்டுகள் கிடங்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிட்டன. காடியைத் திருவனந்தபுரத்தில் சோதித்ததில் செம்பு. முதலாளி புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்த ஜாடிகளுக்கு நேரே, செவ்வாய்க்கிழமை, தெளிவு என்று எழுதி என் முதல் எழுத்து. நான் அன்றைக்குப் படுக்கையில் அல்லவா இருந்தேன் என்று உன் முகத்தைப் பார்த்தேன்.

நீ சொன்ன வார்த்தை ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. "நீ வந்தேல்லா மக்கா. பனியோட வந்தே. நான் வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன், கேக்கல்ல. நோக்கிட்டு, தெளிஞ்சு கெடக்குன்னு நீ தானே சொன்னே. ஓர்மை இல்லியா?"

காய்ச்சலை நாம் பனி என்றுதானே சொல்வோம். பனியோடு வந்தேனா? வாசல் தாண்டிப் போனது நினைவில்லாதவனுக்கு, கொல்லயில் வரை நடந்தது மட்டும் எப்படி நினைவிருக்கும்? வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தாள், திரும்பி வரும்போது நான் கட்டிலில் கிடந்தேன், நடுவில் எங்கே போனேன் என்று அவளுக்குத் தெரியாது. அம்மா செவ்வாய்தோறும் சந்தைக்குப் போவாள் என்பது உனக்குத் தெரியும். வாரத்தில் ஏழு நாள் இருக்க, அந்த நாளைத்தான் நீ எடுத்தாய்.

கிறுகிறுத்த கண்ணோடு நீலத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன், பரணியின் பூச்சிலோ வேறு எதிலோ செம்பு இருந்திருக்கிறது என்று நானே காரணம் கட்டிக்கொண்டேன். முதலாளி முன்னால் போய் நின்று, தப்பு என் கையில்தான் என்று சொன்னேன். நீ என் பக்கத்தில் நின்றாய். அவர் உன்னைப் பார்த்து, இனி ஆய்வறையை நீ பார்த்துக்கொள் என்றார். நோட்டையும் உன்னிடமே கொடுத்தார்.

அந்த மாதம்தான் புரொபசர் என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ள இருந்தார். கண்ணாடி கழுவ அல்ல, பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டுகிற வேலை. என் ஆயுசில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான், அதையும் உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஆள் கவனமானவனா என்று அவர் முதலாளிக்கு எழுதிக் கேட்டார். முதலாளி நேர்மையான மனுஷன். நடந்ததை நடந்தபடி பதில் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு காலேஜிலிருந்து எனக்குக் கடிதம் இல்லை.

நான் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தபோது நீ வந்தாய். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் தோளில் கை வைத்தாய். "விடு மக்கா. ஆருக்கும் வரக்கூடிய தப்பாக்கும். நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல்ல" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதேன். உன் பெயரும் என்னால் கெட்டுப்போக இருந்ததே என்று சொல்லி அழுதேன்.

பிறகு நீ செய்ததெல்லாம் நல்லதுதான். நெய்யாற்றின்கரை டாக்டரிடம் பேசி இந்தக் கம்பவுண்டர் வேலையை வாங்கித் தந்தது நீ. அம்மா செத்தபோது சவப்பெட்டிக்கு முன்னால் கல்லறை வரை நடந்தது நீ. பலாப்பழம் பழுத்தால் பாதி எனக்கு. என் கல்யாணத்துக்கு என்னைவிட ஓடியாடியவன் நீ. இப்படி ஒரு சிநேகிதன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் மனைவியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இன்று அந்த நல்லது ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எது என்மேல் உள்ள பிரியம், எது என் வாயை அடைக்க வைத்தது என்று பிரிக்கத் தெரியவில்லை. இதற்கு அம்மோனியா கிடையாது.

ஞாயிறுதோறும் கோயிலில் பாவ அறிக்கை ஜெபம் வரும்போது நான் கண்ணை மூடி அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்வேன். பதினோரு வருஷம் சொன்னேன். வெளியே வந்தால், வாகை மரத்தடியில் நீ வெற்றிலை போட்டுக்கொண்டு எனக்காக நிற்பாய். உள்ளே நான் உன் பாவத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன், வெளியே நீ எனக்கு வெற்றிலை மடித்துத் தருகிறாய். ஆண்டவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

ஒரு தடவை சொல்ல வந்தாய் என்று இன்றைக்குத்தான் புரிகிறது. நெய்யாற்றுப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். "மக்கா, உன்கிட்ட ஒரு காரியம் பறையணும்" என்று தொடங்கினாய். நான் உன் பக்கம் திரும்பினேன். ஒரு கல்லை எடுத்து ஆற்றில் எறிந்துவிட்டு, உன் வீட்டுப் பசு பால் குறைத்துவிட்டது, மருந்து உண்டா என்று கேட்டாய். நான் முட்டாள், மறுநாளே பொடி கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

கடைசி வாரம் உனக்குத் தொண்டை அடைத்துப்போயிற்று. நான் தினமும் மருந்தோடு வந்தேன். கரண்டியை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் பார்த்தாய். சாவுக்குப் பயப்படுகிறான் என்று நினைத்து, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றேன். அப்போதும் தகரப்பெட்டி உன் கட்டிலுக்கடியில்தானே இருந்திருக்கும். விரலைக் காட்டியிருந்தால் நான் எடுத்திருப்பேன்.

டிஸ்பென்சரியில் என்னைப் பற்றி ஒரு கேலி உண்டு. ஒரு குப்பி மருந்தை நான் மூன்று தடவை பார்ப்பேன், லேபிளை மூன்று தடவை படிப்பேன், பிறகும் டாக்டரைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டுவேன். காரோடு ஊரிலிருந்து வரும் மீன்காரி, "இந்தக் கம்பவுண்டருக்கு வெள்ளம் குடிக்கவும் சாட்சி வேணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்வாள். நானும் சிரிப்பேன். என் கையை எனக்கே நம்ப முடியாமல் போனது யாருக்கும் தெரியாது, உனக்குத் தெரியும். இன்று காலையிலும், உண்மை தெரிந்த பிறகும், வீட்டுக்குக் கிளம்பும் முன் கட்டிக் கொடுத்த ஒரு இருமல் மருந்தை மூன்று தடவை பார்த்தேன். பதினோரு வருஷத்துப் பழக்கத்துக்கு நிரபராதி என்று தீர்ப்பு வந்தது தெரியாது.

உன் சாமர்த்தியத்தைப் பொறுத்துக்கொள்வேன். பயத்தைப் பொறுத்துக்கொள்வேன். காலேஜ் வேலை போனதையும் ஒரு நாள் பொறுத்துவிடுவேன், வயசாகிவிட்டது. செய்யாத தப்பைச் செய்ததாக என்னையே நம்ப வைத்து, அதற்கு என்னை மன்னிக்கவும் செய்தாயே, அதுதான் அடங்கவில்லை. நான் அதைப் பெரிய தானமாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை மன்னிக்கலாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. மன்னிக்க எனக்கு மனசு இல்லாமல் இல்லை. திருகு உடைந்த அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். முதலாளி முன்னால் நின்ற பிறகு சொல்லியிருந்தாலும், படித்துறையில் சொல்லியிருந்தாலும், தொண்டை அடைத்த பிறகு கையால் காட்டியிருந்தாலும் மன்னிப்பைக் கொடுத்திருப்பேன். இப்போதும் என்னிடம் இருக்கிறது. உனக்கென்று இருக்கிறது. ஆனால் நீ கேட்கவே இல்லையே மக்கா.